சாப்பாட்டு மேசையில் வெட்டிய குரோமோசோம்கள்



இந்த வாரப் பதிவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். தலைப்பில் குரோமோசோம் என்றதும் ஓடிவிட வேண்டாம். கடைசியில் கேள்வித்தாள் எதுவும் இல்லை. இது ஒரு வரலாறு. ரத்தப் புற்றுநோய் என்றால் சில வாரங்களில் முடிவு என்றிருந்த காலத்திலிருந்து, அதன் ஒரு வகையைக் கீமோகூட இல்லாமல் குணப்படுத்தும் காலத்துக்கு வந்து சேர்ந்த வரலாறு. இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதை நடுவில் சொல்கிறேன்.

வெங்காய வேர்நுனி பிராக்டிகல் நினைவிருக்கிறதா? வேரை நசுக்கி, அசிட்டோகார்மைன் சாயம் போட்டு, ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு "சார், ஒண்ணும் தெரியலை சார்" என்று கூப்பிடுவீர்கள். நூல்கண்டு சிக்கியது மாதிரி ஏதோ தெரியும். அறிவியல் உலகமும் மனிதக் குரோமோசோம்களை அப்படித்தான் நெடுநாள் பார்த்துக்கொண்டிருந்தது. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று 1920-களில் எண்ணிச் சொன்னார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் பாடப்புத்தகங்களில் அதே எண்தான். ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்பவரும், ஆல்பர்ட் லெவான் என்பவரும் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஒழுங்காக எண்ணிப் பார்த்து, 46 என்று 1956-ல் வெளியிட்டார்கள். என் தலைமுறை பிறந்தபோது, மனித உடம்பில் எத்தனை குரோமோசோம் என்பதுகூட உலகத்துக்குச் சரியாகத் தெரியாது!

எண்ணிக்கையே தெரியாத காலத்தில் ஒருவர் சரியாக ஊகித்தார் என்பது வியப்புதான். தியோடர் போவேரி, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர். கடல் முள்ளெலி முட்டைகளில் ஆராய்ச்சி செய்தவர். செல் பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கு போகவில்லை என்றால் வளர்ச்சி தாறுமாறாகிவிடும் என்பதை அந்த முட்டைகளில் கண்டார். அதை வைத்து 1914-ல் ஒரு நூல் எழுதினார். ஒரே ஒரு செல்லில் குரோமோசோம் கோளாறு ஏற்பட்டு, அது பெருகுவதுதான் புற்றுநோய் என்றார். அதை நிரூபிக்கும் கருவி அன்று யாரிடமும் இல்லை. அடுத்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார்.

அதற்குள் ரத்தப் புற்றுநோயை டாக்டர்கள் பலவாகப் பிரித்திருந்தார்கள். மெதுவாக வளர்வது நாள்பட்ட வகை. அதிவேகமாக வருவது அக்யூட் வகை. அக்யூட் லுகேமியாவில் என்ன நடக்கிறது? நம் எலும்பு மஜ்ஜைதான் ரத்த அணுக்களின் நாற்றங்கால். அங்கே இளம் செல்கள் வளர்ந்து முதிர்ந்து, அதன் பிறகே ரத்தத்துக்கு வரும். இந்த நோயில் இளம் செல்கள் முதிர்வதில்லை. நாற்றாகவே நின்று, நாற்றாகவே பெருகி, நாற்றங்கால் முழுவதையும் அடைத்துக்கொள்கின்றன. சிவப்பணு குறைந்து சோகை, நல்ல வெள்ளையணு குறைந்து காய்ச்சல், தட்டணு குறைந்து ரத்தக்கசிவு.

1948-ல் பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர், இந்த நோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்ததாக எழுதினார். அந்த மருந்தைத் தந்தது எல்லாப்பிரகதா சுப்பாராவின் ஆய்வுக்குழு. ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். முன்னேற்றம் சில மாதங்கள்தான் நின்றது. ஆனாலும் இந்த நோயை மருந்தால் அசைக்க முடியும் என்று உலகம் முதலில் கண்டது அப்போதுதான். நோயின் வேர் எங்கே என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

வேரின் ஒரு நுனி 1960-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தென்பட்டது. பீட்டர் நோவெல் என்ற நோயியல் நிபுணர், லுகேமியா செல்கள் ஒட்டியிருந்த ஸ்லைடைக் குழாய்த் தண்ணீரில் அலசினார். தண்ணீர் உள்ளே போனதும் செல்கள் உப்பி, சிக்கிக் கிடந்த குரோமோசோம்கள் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இளம் ஆய்வாளருடன் சேர்ந்து அவற்றைப் படமெடுத்து ஆராய்ந்தார். நாள்பட்ட மைலாய்டு லுகேமியா நோயாளிகளிடம் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருந்தது. அதற்கு ஊர்ப் பெயரையே வைத்து 'ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்' என்றார்கள்.

வால் அறுந்த குரோமோசோம். சரி, அறுந்த வால் எங்கே போனது? இதற்கு விடை கிடைக்கப் பன்னிரண்டு வருடம் ஆனது. கண்டுபிடித்தவர் நாலு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பகுதிநேர ஊழியர்.

ஜேனட் ரவுலி. 1925-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழக மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, 65 பேர் வகுப்பில் பெண்களுக்கு 3 இடம்தான், அதுவும் நிரம்பிவிட்டது என்று சொல்லி ஒன்பது மாதம் காக்க வைத்தார்கள். 1948-ல் டாக்டர் பட்டம், மறுநாளே கல்யாணம். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கான மருத்துவமனையில் சில நாட்கள் மட்டும் வேலை பார்த்தார். அந்தக் குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று 1959-ல் பிரான்சிலிருந்து செய்தி வந்தது. குரோமோசோம் மீது அவருக்கு ஆர்வம் வந்தது அப்படித்தான்.

கணவரின் ஆராய்ச்சி விடுப்பில் ஆக்ஸ்ஃபோர்டு போனபோது, அங்கே குரோமோசோம் நுணுக்கங்களைக் கற்றார். ஊர் திரும்பியதும் தன் பழைய பேராசிரியரிடம் போய், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு இருட்டறை, வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கும் அளவுக்குச் சம்பளம், இவை போதும் என்று கேட்டார். வருடத்துக்கு 5,000 டாலர் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

1970 வாக்கில் ஸ்வீடனில் காஸ்பர்சன் குழுவினர் ஒரு புது வழி கண்டார்கள். குவினாக்ரின் என்ற சாயம் போட்டுப் புற ஊதா ஒளியில் பார்த்தால், ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கே உரிய வரிகளோடு மின்னும். அதுவரை நீளத்தை வைத்து உத்தேசமாகத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் சேலைக் கரை மாதிரி ஓர் அடையாளம். ரவுலி இரண்டாம் முறை ஆக்ஸ்ஃபோர்டு போய் இந்த வித்தையைக் கற்று வந்தார்.

1972. ஆய்வகத்தில் எடுத்த படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரியால் வெட்டி, சாப்பாட்டு மேசையில் ஜோடி ஜோடியாக அடுக்குவார். "அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள்" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். மேசைப் பக்கம் வந்து தும்மிவிடாதீர்கள் என்று அவர்களை எச்சரிப்பாராம். அந்த மேசையில்தான், அக்யூட் மைலாய்டு லுகேமியா நோயாளியின் செல்லில் 8-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 21-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருப்பதைக் கண்டார். அக்யூட் லுகேமியாவில் இப்படியோர் இடமாற்றம் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை.

அடுத்து ஃபிலடெல்ஃபியா குரோமோசோமை அதே மேசையில் வைத்துப் பார்த்தார். அறுந்த வால் காணாமல் போகவில்லை. 22-இல் அறுந்தது 9-இன் நுனியில் போய் ஒட்டியிருந்தது. இரண்டு கட்டுரைகளும் 1973-ல் வெளியாயின. 8-21 கட்டுரையை முதலில் அனுப்பிய பெரிய மருத்துவ இதழ் ஏற்கவில்லை. பிறகு ஒரு பிரெஞ்சு இதழில்தான் வந்தது. அன்றைக்குப் பலர் சொன்னது இதுதான்: "புற்றுநோய் செல் என்றாலே குழப்பம்தான், குரோமோசோம் உடைவது நோயின் விளைவு, காரணம் இல்லை."

ரவுலி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மேலும் மேலும் எண்ணினார். 1977-ல் மூன்றாவது கண்டுபிடிப்பு. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்று ஒரு வகை. 1957-ல் நார்வே டாக்டர் ஹில்லஸ்டாட் மூன்று நோயாளிகளை வைத்து இதை விவரித்தார். கடும் ரத்தக்கசிவு, சில வாரங்களில் மரணம். லுகேமியாக்களிலேயே மிகக் கொடியது என்று பெயரெடுத்தது. அந்த நோயாளிகளிடம் 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. மற்ற வகை லுகேமியாவில் இந்த மாற்றம் தென்படவில்லை. குழப்பத்தில் உடைந்தது என்றால், இந்த நோயில் மட்டும் எப்போதும் அதே இரண்டு, அதே இடத்தில் எப்படி உடையும்? காரணமா விளைவா என்ற சண்டை மெல்ல அடங்கியது. போவேரியின் ஊகத்துக்கு அறுபது வருடம் கழித்துச் சாட்சி கிடைத்தது.

இப்போது, ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி. அவளுடைய மகளுக்குச் சிறுவயதில் அக்யூட் லுகேமியா வந்தது. சிகிச்சை முடிந்து, குணமாகி, படித்து, வேலைக்கும் போய்விட்டாள் அந்தப் பெண். இப்போது வரன் பார்க்கிறார்கள். இரண்டு இடம் கூடிவந்து நின்றுவிட்டது. பழைய ரிப்போர்ட்டில் "குரோமோசோம் கோளாறு", "மரபணு மாற்றம்" என்று எழுதியிருப்பதை யாரோ படித்திருக்கிறார்கள். குழந்தை நோயில் கிடந்த நாளிலேயே இவள் மாமியார் வீட்டில் "இது எங்க பக்கத்துல யாருக்கும் கிடையாது" என்று ஒரு பேச்சு வந்ததாம். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். போனில் அவள் கேட்டது: "சார், மரபணுன்னுதானே எழுதியிருக்கு? அப்ப எங்க மரபுல இருந்துதானே வந்திருக்கணும்? நீங்களே அப்படித்தானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

இந்தத் தமிழ்ச் சொல்லைக் கவனியுங்கள். ஜீன் என்பதற்கு 'மரபணு' என்று அழகான சொல் வைத்தோம். அதில் 'மரபு' ஒட்டிக்கொண்டிருப்பதால், மரபணுவில் மாற்றம் என்றாலே பாட்டன் பூட்டன் வழி வந்தது என்று காதில் விழுகிறது. இரண்டும் வேறு. நாம் பிறக்கும்போது தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23 வருகிறது. அது மரபு. அதன்பின் உடம்பில் கோடிக்கணக்கான செல்கள் நாள்தோறும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் 46-ஐயும் படியெடுக்க வேண்டும். எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில், ஏதோ ஒரு நேரத்தில், இரண்டு துண்டு அறுந்து மாற்றி ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒரு செல்லின் வாரிசுகள்தான் லுகேமியா. அந்தக் குழந்தையின் தோலில் ஒரு செல்லை எடுத்துப் பார்த்தால் குரோமோசோம் சரியாகத்தான் இருக்கும். தாயிடம் பார்த்தாலும் சரியாக இருக்கும், தகப்பனிடம் பார்த்தாலும் சரியாக இருக்கும்.

இதைவிடத் தெளிவான சாட்சியும் உண்டு. சிகிச்சை பலித்தபின் மறுபடி மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பார்கள். மாறிய குரோமோசோம் அங்கே இருக்காது; 46-ம் ஒழுங்காக இருக்கும். பிறவியில் வந்தது மருந்தில் மறையுமா? நோயுள்ள செல்களோடு வந்தது, அவற்றோடு போய்விட்டது. அந்தப் பெண் தன் பிள்ளைக்குக் கொடுக்க அது அவளிடம் இல்லவே இல்லை.

முழு உண்மையும் சொல்லிவிடுகிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு லுகேமியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து இருபது மடங்கு அதிகம். ஃபான்கோனி சோகை போன்ற சில அரிய பரம்பரை நோய்களிலும் அப்படித்தான். அவற்றை டாக்டர்கள் தனியாகச் சோதித்துச் சொல்வார்கள். மற்றபடி மிகப் பெரும்பாலான அக்யூட் லுகேமியா பரம்பரை நோய் இல்லை.

இன்னொன்று. 'கோளாறு' என்ற சொல்லைப் பார்த்ததும் நம்பிக்கை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் அந்த வரி நோயின் முகவரி மாதிரி. முகவரி தெரிந்தால்தான் எந்த மருந்து, எவ்வளவு தீவிரம், மஜ்ஜை மாற்று தேவையா என்று முடிவு செய்ய முடியும். ரவுலி முதலில் கண்ட 8-21 மாற்றம், மைலாய்டு வகையில் நல்ல பலன் எதிர்பார்க்கக்கூடிய பிரிவு. குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகையில், செல்லில் 50-க்கு மேல் குரோமோசோம் இருந்தால் பொதுவாக நல்ல செய்தி. 12-21 மாற்றமும் அப்படியே. "நார்மல்" என்று வந்துவிட்டால் கவலையில்லை என்றும் பொருள் இல்லை. மைலாய்டு வகையில் அது நடுத்தரப் பிரிவு. அதே 9-22 மாற்றம் லிம்ஃபோபிளாஸ்டிக் வகையில் வந்தால், முன்பு மிக மோசமான செய்தி. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்ற மாத்திரையும் அதன் தம்பிகளும் வந்தபின் அந்தக் கணக்கும் மாறிவிட்டது. அதனால் ரிப்போர்ட்டை கூகுளில் போட்டு நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். டாக்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

இனி அந்தக் கொடிய 15-17 கதையின் மீதியைச் சொல்ல வேண்டும்.

1980-களின் நடுவில் சீனாவின் ஷாங்காயில் வாங் சென்யி என்ற டாக்டர், புற்றுச் செல்லைக் கொல்லாமல் அதை முதிர வைத்தால் என்ன என்று யோசித்தார். நாற்றைக் கொளுத்தாமல் பயிராக்குகிற யோசனை. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலத்தைக் கையில் எடுத்தார். அது தோல் நோய்க்குக் கொடுக்கிற மருந்து. முதலில் பெற்றுக்கொண்டது, வேறு எதுவும் பலிக்காத ஐந்து வயதுப் பெண் குழந்தை. பிழைத்துக்கொண்டாள். 1988-ல் வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளிகள். 23 பேருக்கு அந்த மருந்து மட்டுமே நோயை அடக்கியது. மீதி ஒருவருக்குக் கீமோவும் சேர்க்க வேண்டியிருந்தது.

தோல் மருந்து இதற்கு எப்படிக் கேட்டது? 1990-91-ல் பாரிஸ் உள்ளிட்ட இடங்களில் விடை கண்டார்கள். 17-ஆம் குரோமோசோம் உடைகிற இடத்தில்தான் ரெட்டினாயிக் அமிலத்தை ஏற்கும் புரதத்தின் ஜீன் இருக்கிறது! அது 15-இல் உள்ள ஜீனோடு ஒட்டி ஒரு கலப்புப் புரதம் உண்டாகிறது. அது செல்லை முதிரவிடாமல் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மருந்து அந்தப் பூட்டைத் திறக்கிறது. சாப்பாட்டு மேசையில் வெட்டி ஒட்டிய படத்துக்கும் ஷாங்காய்க் குழந்தைக்கும் முடிச்சு விழுந்தது இங்கேதான்.

அதே சீனாவின் ஹார்பின் நகரில், 1970-களில் சாங் திங்தோங் என்ற டாக்டரின் குழு ஒரு நாட்டு மருந்தை ஆராய்ந்தது. ஆர்சனிக், பாதரசம், தேரை விஷம் கலந்தது. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார்கள். வேலை செய்தது ஆர்சனிக். நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வதுதான். சுத்தம் செய்து, அளந்து, நரம்பில் ஏற்றினால், அந்தக் கலப்புப் புரதத்தையே அது சிதைத்துவிடுகிறது என்று பின்னால் தெரிந்தது. 2013-ல் இத்தாலி, ஜெர்மனி டாக்டர்கள், ஆபத்து அதிகமில்லாத பிரிவு நோயாளிகளிடம் இரண்டு முறைகளை ஒப்பிட்டார்கள். ரெட்டினாயிக் அமிலமும் ஆர்சனிக்கும் மட்டும் பெற்றவர்களில் 97 சதவீதம் பேர் இரண்டு ஆண்டு கழித்தும் நோய் திரும்பாமல் நலமாக இருந்தார்கள். ஆர்சனிக் இல்லாமல் கீமோ சேர்த்தவர்களில் அது 86 சதவீதம்.

இதில் நம் வேலூருக்கும் பங்கு உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் விக்ரம் மேத்யூஸ் குழுவினர், எல்லா மருந்தையும் சேர்த்து வாங்க வசதியில்லாத நாட்டில் ஆர்சனிக்கை மட்டும் வைத்து என்ன செய்ய முடியும் என்று பார்த்தார்கள். 1998 முதல் 2004 வரை 72 புதிய நோயாளிகள். 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. 2006-ல் வெளியான அந்தக் கட்டுரையை வெளிநாட்டு டாக்டர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது பாஷாணம், பஸ்பம் என்று கடை தேடிப் போனால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பையும் ரத்த உப்புகளையும் பார்த்துப் பார்த்து ஏற்றுகிற மருந்து அது. வெளியே அது விஷம்தான்.

ரவுலி 2013 டிசம்பரில், 88-ஆம் வயதில் காலமானார். 1998-ல் லாஸ்கர் விருது, 2009-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் எல்லாம் வந்தன. என் மாணவிகளே, பிள்ளைகளுக்காகப் பகுதிநேர வேலைக்குப் போனவர் அவர். வீட்டு வேலைக்கு நடுவே மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தவர். படிப்பை விட்டுவிட்டோமே என்று என்னிடம் வருத்தப்பட்ட உங்களில் சிலருக்காக இதைச் சொல்கிறேன்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

ஒன்று, காரணமில்லாமல் ஈறில் ரத்தம், உடம்பில் நீலத் தடிப்புகள், விடாத காய்ச்சல், வெளிறிப்போவது என்று வந்தால் தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 15-17 வகையில் முதல் சில நாட்கள்தான் ஆபத்து. அதனால்தான் சந்தேகம் வந்தவுடனே, குரோமோசோம் ரிப்போர்ட் வரும் முன்பே ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

இரண்டு, இந்த நோயாளிகளுக்கு ரத்தமும் தட்டணுக்களும் தொடர்ந்து வேண்டும். தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் பொதுவாகச் சேமிக்க முடியாது. உங்களில் 18 வயது தாண்டி உடல்நலத்தோடு இருப்பவர்கள் பக்கத்து ரத்த வங்கியில் பெயர் கொடுத்து வையுங்கள்.

மூன்று, எந்த வீட்டிலாவது ஒரு குழந்தை இந்த நோயில் படுத்திருந்தால், "யார் வழியில் வந்தது?" என்று கேட்காதீர்கள். யாராவது கேட்டால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். குணமான பெண்ணோ பையனோ வரனாக வந்தால், நல்ல குணமா, நல்ல வேலையா என்று எல்லோருக்கும் விசாரிக்கிற மாதிரி விசாரியுங்கள். சிகிச்சை பற்றிச் சந்தேகம் இருந்தால் அவர்களோடு சேர்ந்தே போய் டாக்டரைக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் ஒரு சொல்லைப் பார்த்து எழுந்து வந்துவிடாதீர்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் மாணவர்களில் டாக்டர்களாக இருப்பவர்கள் மீதியைச் சொல்லட்டும். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் சார்